கருவியும் வினையும்: எஃகைப் பற்றிய ஓர் அறக்கேள்வி

ஒரு கருவி தன்னைக் கொண்டு செய்யப்படும் செயலின் நன்மை தீமைகளில் பங்கு கொள்கிறதா, அல்லது அந்தப் பங்கு முழுவதும் கருவியைப் பிடித்த கைக்கே உரியதா என்பது மெய்யியலில் பழைய கேள்வி. மண்ணாலும் மரத்தாலும் ஆன கருவிகளைப் பொறுத்தவரை இக்கேள்வி பெரும்பாலும் கல்வியாளர் வாதமாகவே நின்றுவிடும். இரும்பை எஃகாக்கி அதற்குக் கூரிய வாய் தீட்டக் கற்ற சமூகங்களிலோ, செடியை அறுக்கும் அதே அலகு கழுத்தையும் அறுக்க வல்லது என்பதால், அது அன்றாட வாழ்வின் கேள்வியாகிறது. அடித்துக் கொடுத்தவர், விற்றவர், வாங்கியவர், வீசியவர் என்று நீளும் சங்கிலியில் வினை எந்தக் கண்ணியில் ஒட்டுகிறது என்பதற்குச் சமயங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவற்றுள் தமிழ்நாட்டின் நாட்டார் வழிபாடு நூலாக எழுதப்படாமல் சடங்காகவே நிகழ்ந்துவரும் ஒரு விடையை வைத்திருக்கிறது என்பதும், அந்த விடை சாத்திர விடைகளுக்குக் குறைந்ததன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இக்கேள்வியை நிறுத்திப் பார்ப்பதற்குப் போடிநாயக்கனூர்ப் பகுதி ஏற்ற களமாகும். தேனி மாவட்டத்தின் இந்நகரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சென்றால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தோடு எல்லை தொடும் போடிமெட்டும் அதற்கப்பால் ஏலமலைகளும் வருகின்றன. ஏலச்செடியின் காய்த்து ஓய்ந்த தட்டைகளைக் கழிப்பதற்கும், மழைக்காலத்துக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவதற்கும், காபிச் செடியைக் கவாத்து செய்வதற்கும், களை எடுப்பதற்கும் எனத் தோட்ட வேலை முழுவதும் இரும்பு வாயை நம்பியே நடக்கிறது. மலையடிவார ஊர்களின் எல்லையில் நிற்கும் கருப்பசாமியின் கையில் இருப்பதும் அரிவாள்தான். தோட்டத்து அரிவாளுக்கும் சாமியின் அரிவாளுக்கும் உலோகத்தில் வேறுபாடில்லை. இரண்டும் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, செஞ்சூட்டில் நீரில் தோய்த்து எடுக்கப்பட்டவையே. அப்படியிருக்க ஒன்று கருவியாகவும் மற்றொன்று வணக்கத்துக்குரியதாகவும் ஆவது எதனால் என்பதே ஆராயத்தக்கது.

தமிழகத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 அளவுக்குச் செல்வதாக 2022இலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைச் சான்றுகளைக் கொண்டு அது 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2025 ஜனவரியிலும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொடுமணலில் இரும்பை உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. கரிமம் மிகக் குறைந்த தேனிரும்பின் துண்டுகளை ஆவாரை மரத்துண்டுகளோடும் எருக்கிலை போன்ற பச்சிலையோடும் சிறு மண் மூசையில், அதாவது உருக்கும் குகையில், இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிய கரி நெருப்பில் வைத்தால், இலையும் கட்டையும் கரிந்து தரும் கரிமத்தை இரும்பு ஈர்த்துக்கொண்டு உருகிக் கட்டியாகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரிமம் கொண்ட இக்கட்டியே உருக்கு எனப்பட்டது, மேலைநாட்டார் ஊட்ஸ் என்று அறிந்ததும் இதையே. உழவுக்கும் போருக்கும் ஒரே மூசை பொதுவாக இருந்தது என்பது அறவியல் நோக்கில் கவனிக்க வேண்டிய செய்தி: பொருளின் இயல்பில் அதன் பயன் எழுதப்பட்டிருக்கவில்லை.

பொருளுக்கும் செயலுக்கும் உள்ள இவ்வுறவை மிக நுட்பமாக வகுத்தது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தை அடியாகக் கொண்டு வளர்ந்த இம்மரபு, எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறது. எதனால் பொருள் ஆகிறதோ அது முதற்காரணம்; எதைத் துணையாகக் கொண்டு ஆக்கப்படுகிறதோ அது துணைக்காரணம்; எவர் ஆக்குகிறாரோ அவர் நிமித்தகாரணம். குடத்துக்கு மண் முதலும், தண்டும் சக்கரமும் துணையும், குயவர் நிமித்தமும் ஆவது அம்மரபு காட்டும் எடுத்துக்காட்டு. உலகப் படைப்பில் மாயை முதற்காரணமாகவும், சத்தி துணைக்காரணமாகவும், சிவன் நிமித்தகாரணமாகவும் நிற்கின்றனர். இதை அரிவாளுக்குப் பொருத்தினால், வெட்டும் செயலில் அது துணைக்காரணமாகிறது. அதற்குத் தானாக வினை இல்லை, ஆயினும் அது இல்லாமல் வினை நிகழவும் இல்லை.

இந்த வகுப்பில் ஒரு முக்கியமான விளைவு உள்ளடங்கியிருக்கிறது. படைப்பில் சத்தி நிற்கும் இடத்தில்தான் மனிதச் செயலில் கருவி நிற்கிறது. சித்தாந்தம் கருவியைச் சத்தி என்று சொல்லவில்லை. சத்தி பேரறிவுடையது, கருவி சடப்பொருள், அதாவது அறிவற்றது. எனினும் இடம் ஒத்திருப்பதால், கருவியை இழிந்த பொருளாகக் காண அச்சிந்தனை இடம் தரவில்லை. சத்தி வழிபாட்டுக்குரிய நவராத்திரியின் ஒன்பதாம் நாளிலேயே கருவிகளுக்குப் பூசை வந்து அமைந்திருப்பது இச்சிந்தனையோடு நன்கு இயைகிறது. கோயில் மரபிலும் இதற்கு இணைகள் உண்டு: சிவாலயங்களில் தீர்த்தவாரிக்குச் செல்லும் அஸ்திரதேவர் சூல வடிவினர், திருமால் கோயில்களில் சக்கரம் சக்கரத்தாழ்வாராகத் தனிச் சன்னிதி பெறுகிறது, திருப்பரங்குன்றத்தில் மூலவர் மலைப்பாறையில் குடைந்த வடிவம் என்பதால் திருமுழுக்கு வேலுக்கே நடக்கிறது. திருமாலின் வாளாகிய நந்தகத்தின் அம்சமாகப் பேயாழ்வார் பிறந்தார் என்ற வைணவ மரபு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வெட்டும் பொருள் பாடும் அடியாராக முடியும் என்றால், கூர்மையின் பயன் குருதியோடு முடிந்துவிடவில்லை என்பது அதன் உட்பொருள்.

இதற்கு நேர் எதிரான நிலையைச் சமணமும் பௌத்தமும் எடுத்தன. இல்லறத்தார் ஈடுபடக் கூடாத ஐந்து வணிகங்களைப் புத்தர் கூறுவதாக வரும் அங்குத்தர நிகாயப் பகுதியில் படைக்கல வணிகம் முதலாவதாக நிற்கிறது. உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு ஆகியவற்றின் வணிகங்கள் பின்தொடர்கின்றன. சமணம் விற்பனையைத் தாண்டி ஈகையையும் ஆராய்ந்தது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தார் விலக்க வேண்டிய பயனற்ற தீங்குகள் ஐந்தைத் தொகுக்கிறது. அவற்றுள் ஒன்று இம்சாதானம், அதாவது கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு போன்ற கொலைக்குக் காரணமாகும் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தல். கொடுத்தவர் வெட்டவில்லை, வெட்ட நினைக்கவும் இல்லை. ஆயினும் வினை கொடுத்த கையோடும் ஒட்டுகிறது. துணைக்காரணத்தை ஆக்கித் தந்தவர் விலகி நின்றுவிட முடியாது என்ற இந்தக் கண்டிப்பு, அக்காலச் சிந்தனையில் மிகக் கூர்மையான ஒன்று.

போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி பாறை என்று வழங்கும் குன்றின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றோடு, மதுரை வட்டாரக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரும் வட்டெழுத்தில் உள்ளது. அரிவாளைப் பிறர்க்கு ஈவதும் பாவம் என்ற சமயத்தின் உருவங்கள், அரிவாளைத் தன் அடையாளமாகக் கொண்ட தெய்வத்தின் பெயரை ஏற்ற பாறையில் இருக்கின்றன. இதைப் பிற்காலத்தார் அறியாமல் செய்த கலப்பாகத் தள்ளிவிடுவது எளிது. இரு வழிபாடுகளின் உள்ளியல்பை ஒப்பிட்டால், அவை கருதப்படுவதைவிட நெருக்கமானவை என்பது கீழே விளங்கும்.

சங்க இலக்கியத்திலும் இக்கேள்வியின் ஒரு முகம் உண்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடியதாக வரும் புறநானூற்று 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி நெய் பூசிக் காவல்மிக்க மாளிகையில் இருப்பதும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடப்பதும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. போற்றப்படும் ஆயுதத்தைப் பழித்து, பயன்பட்ட ஆயுதத்தைப் புகழும் பாட்டாகவே இது பொதுவாகப் படிக்கப்படுகிறது. ஆனால் ஔவையார் சென்றது போர் மூட்டுவதற்கன்று, மூளவிருந்த போரைத் தடுப்பதற்கு. ஆகவே, மாலை சூடிய படைக்கலத்தை எள்ளும் சொற்களின் நோக்கமே அது மாலையோடு அங்கேயே இருக்கட்டும் என்பதாகிறது. அலங்கரித்த ஆயுதம் பயன்படாத ஆயுதம் என்ற உண்மையை அப்பாடல் ஏளனமாகச் சொன்னது; பின்னாளைய வழிபாடு அதே உண்மையை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது எனலாம்.

ஐரோப்பாவின் எஃகு நகரங்களில் இக்கேள்வி வேறு உருவம் எடுத்தது. கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்வோரின் கழகம் 1624இலேயே சட்டத்தால் அமைக்கப்பட்டது. அந்நகருக்கு அருகில் 1740களில் மூசையில் எஃகை உருக்கும் முறையை வகுத்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், போரை முற்றாக மறுக்கும் குவேக்கர் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளர்; கடிகாரச் சுருளுக்கு நல்ல எஃகு தேடியே அவர் அம்முறைக்கு வந்து சேர்ந்தார். தென்னிந்திய உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை அளித்தார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்து 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகுக் கலவைகளை ஆராய்ந்ததற்கும் அவ்வுருக்கே தூண்டுதலாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிச் சேலத்துத் தாதுவை அங்கே உருக்கினார். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் அவர் பெற்ற காப்புரிமை ஷெஃபீல்டுக் கத்தியின் விலையைக் குறைக்க உதவியும், அதன் பலனை நெடிய வழக்குகளில் இழந்து 1851இல் அவர் இறந்தார். சேலத்து மண்ணும் ஷெஃபீல்டுச் சாணைக்கல்லும் இவ்வாறு ஒரே வரலாற்றின் இரு முனைகளாயின.

கருவியின் குற்றத்தைப் பற்றிய வெளிப்படையான சமய விசாரணை, உலோகத் தொழிலின் மற்றொரு நகரமான பர்மிங்காமில் நடந்தது. அங்கே துப்பாக்கி செய்து விற்ற இளைய சாமுவேல் கால்டனும் ஒரு குவேக்கர். போர்க்கருவி செய்பவர் தம் சபையில் நீடிக்கலாகாது என்று சக உறுப்பினர் குறை கூறியபோது, அவர் விரிவான மறுப்பை முன்வைத்தார். தொழில் தமக்குப் பரம்பரையாக வந்தது. செய்பவர் பொருளின் தவறான பயனுக்குப் பொறுப்பாளியல்லர். வரி செலுத்தும் எவரும் போரில் பங்கு கொள்பவரே, ஆகையால் குற்றமற்ற கை என ஒன்று இல்லை என்பன அதன் சாரம். சபை அதை ஏற்காமல் 1796இல் அவரை விலக்கியது. கால்டனின் மூன்றாம் வாதம் எளிதில் புறந்தள்ளக்கூடியதன்று. பொறுப்பு சங்கிலி முழுவதிலும் பரவியிருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் பரவிய பொறுப்பு கரைந்துவிட்டது என்று அதிலிருந்து அவர் பெற்ற முடிவு பொருந்தாது. சமணத்தின் இம்சாதானக் கோட்பாடும் பொறுப்பு பரவுவதையே சொல்கிறது. ஆயினும் ஒவ்வொரு கைக்கும் அது முழுமையாகவே சேரும் என்பது அதன் முடிவு.

வாதங்கள் பெரும்பாலும் கருவியின் பயனையே நோக்குகின்றன. ஆக்கத்தின் விலையை அவை நோக்குவதில்லை. ஷெஃபீல்டில் முள்கரண்டிகளை நீரில்லாமல் உலர்கல்லில் தீட்டிய தொழிலாளர்கள் கல் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதிலேயே மாண்டதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். உணவு மேசைக்குரிய கரண்டி எவரையும் குத்தவில்லை. ஆயினும் அது உயிர்களை வாங்கியே பளபளத்தது. 1913இல் அதே நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு உலகமெங்கும் அடுக்களைகளை நிறைத்தபோது கத்தியின் பிறப்பிடம் பயனாளரின் கண்ணிலிருந்து முற்றாக மறைந்தது. தமிழகத்தில் கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், தட்டார் எனும் ஐந்தொழிற் கம்மாளர் தம்மை விசுவகர்மாவின் வழியினர் என்று கருதி, தம் சடங்குகளைத் தாமே நடத்தும் உரிமைக்காகச் சித்தூர் நீதிமன்றம் வரை சென்று 1818இல் தீர்ப்புப் பெற்றது நினைவுகூரத்தக்கது. கருவியை வணங்கும் சமூகம் அதை ஆக்கியவருக்கு உரிய மதிப்பைத் தானாகத் தந்துவிடவில்லை.

சட்டமும் இதே கேள்விக்கு விடை காண முயன்றிருக்கிறது. குடியேற்ற அரசு 1878இல் இயற்றிய ஆயுதச் சட்டம் படைக்கலங்களை வைத்திருப்பதற்கு உரிமம் கேட்டது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக்கோ உழவுக்கோ மட்டுமே என வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அதாவது, பொருள் எதற்காக ஆக்கப்பட்டது என்ற நோக்கத்தில் சட்டம் தன் கோட்டை வரைகிறது. தோட்டத்துக்கென்று அடித்த அரிவாள் ஊர்ச் சண்டையில் உயரும்போது அந்தக் கோடு அழிந்துபோகிறது. 1989இல் போடியிலும் சுற்று ஊர்களிலும் நிகழ்ந்த சாதி மோதலில் உயிர்கள் பறிபோன வரலாறு இப்பகுதிக்கு உண்டு. கருவியின் புனிதம் கையைத் தானே தடுத்துவிடும் என்று நம்புவோர் அதை மறந்துவிட முடியாது.

இப்பின்னணியில்தான் ஆயுதபூசையின் நடைமுறையைக் காண வேண்டும். மகாநவமியன்று அரிவாளும் மண்வெட்டியும் கொத்தும், இன்றைய நாளில் தராசும் ஜீப்பும் உட்பட, கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கப்படுகின்றன. மறுநாள் விசயதசமியில் மறுபூசை முடியும் வரை அவற்றை எடுத்து வேலை செய்வதில்லை என்பது பழைய வழக்கம். பூசையின் மந்திரத்தைவிட இந்த விலக்கே சடங்கின் உயிர்நிலை. ஆண்டு முழுவதும் கருவி கையின் நீட்சியாக, கை நினைத்ததைச் செய்வதாக இருக்கிறது. ஒரு நாள் மட்டும் அது கையினின்று பிரிக்கப்பட்டு எதிரே வைக்கப்படுகிறது. எதிரே வைத்து வணங்கும்போது, இது என்னுடையது, இதை என் விருப்பம்போல் பயன்படுத்துவேன் என்ற உரிமை தற்காலிகமாகக் கைவிடப்படுகிறது. கருவி நிரபராதி என்றோ குற்றவாளி என்றோ சடங்கு தீர்ப்புச் சொல்லவில்லை. கைக்கும் கருவிக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்கி, அந்த இடைவெளியில்தான் வினைக்கான பொறுப்பு பிறக்கிறது என்பதை உணர்த்துகிறது.

கருப்பசாமிக்கு அரிவாள் நேர்ந்து செலுத்தும் வழக்கம் இதையே நிரந்தரமாக்குகிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பு முதல் சிற்றூர்களின் எல்லைச்சாமி வரை, ஆளுயர அரிவாள்கள் காணிக்கையாக வந்து கோயில் முன் நிறுத்தப்படுகின்றன. அவ்வாறு செலுத்திய அரிவாள் திரும்பவும் வயலுக்கோ வீட்டுக்கோ வருவதில்லை. மழையில் நனைந்து துருவேறி அங்கேயே நிற்கிறது. தீராத வழக்கும் பகையும் கொண்டோர் சத்தியம் செய்து முறையீட்டைச் சாமியிடம் விட்டுவரும் வழக்கமும் இதனோடு சேர்ந்தது. தண்டிக்கும் அதிகாரத்தை மனிதக் கையிலிருந்து எடுத்துத் தெய்வத்தின் பெயரில் வைப்புச் செய்வதே அதன் உள்ளியல்பு. சமணம் விலக்கிய இம்சாதானத்தின் தலைகீழ் வடிவம் இது. மனிதருக்குக் கொடுக்கும் அரிவாள் வினைச் சங்கிலியில் ஒரு கண்ணியைச் சேர்க்கிறது. சாமிக்குக் கொடுக்கும் அரிவாள் அச்சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றுகிறது. உத்தமபாளையத்துப் பாறையின் இரு வழிபாடுகளும் வெவ்வேறு வழிகளில் ஒரே கவலையைச் சுமக்கின்றன என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

இவ்விளக்கத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. சாமியின் பெயரால் கிடா வெட்டும் அரிவாள் சங்கிலியிலிருந்து கழன்றதன்று, அது பயன்படும் அரிவாளே. விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்க 1950இல் தமிழகத்தில் இயற்றிய சட்டம் 2003இல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து, மக்களின் எதிர்ப்பால் 2004இல் நீக்கப்பட்டதே அப்பலியின் ஆழத்தைக் காட்டும். மேலும், தெய்வத்தின் கையில் உள்ள அரிவாளைத் தம் சாதியின் வீரச் சின்னமாக எடுத்துக்கொள்வோர் அதே வழிபாட்டைத்தான் சான்றாகக் காட்டுகின்றனர். இவை உண்மை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த, ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் வீழ்ந்தவனைத் தமிழி எழுத்தில் குறிக்கும் நடுகல் காட்டுவதுபோல, இப்பகுதியில் வணக்கத்தின் வேர் வன்சாவின் நினைவோடு பின்னியே வளர்ந்தது. ஆனால் நடுகல்லும் நேர்ந்துவிட்ட அரிவாளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: நடந்துவிட்ட வன்முறையை இரண்டும் மறைக்கவில்லை, ஊரறிய எல்லையில் நிறுத்தி வைத்தன. கிடாவெட்டிலும் வெட்டுபவர் யார், வெட்டும் நாள் எது, இடம் எது என்பவை ஊரால் வரையறுக்கப்படுகின்றன. வரையறை மீறப்படும்போது வழிபாடு பெருமிதமாகத் திரிகிறது. அத்திரிபைச் சடங்கு தானாகத் தடுப்பதில்லை, சடங்கின் பொருளை அறிந்தவர்களே தடுக்க வேண்டும்.

ஆகவே தொடக்கத்துக் கேள்விக்கான விடை இரு பகுதிகளாக அமைகிறது. கருவிக்கு வினை இல்லை என்ற சித்தாந்த வகுப்பும், கருவியைத் தந்த கைக்கும் வினை உண்டு என்ற சமண நெறியும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. முன்னது கருவியைப் பற்றியது, பின்னது மனிதரைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே நாட்டார் வழிபாடு சேர்ப்பது காலம் என்னும் அளவை: எப்போது எடுக்கலாம், எப்போது வைக்க வேண்டும், எதை இனி எடுக்கவே கூடாது என்ற ஒழுங்கு. பர்மிங்காமின் குவேக்கர் சபை ஒரு மனிதரை விலக்கித் தன் கையைக் கழுவிக்கொண்டது; போடி மலைச்சரிவின் உழைப்பாளர் சமூகம் எவரையும் விலக்காமல், எல்லோருடைய கையிலிருந்தும் கருவியை ஒரு நாளேனும் வாங்கி வைக்கிறது. அந்த ஒரு நாளின் விலக்கு மற்ற நாள்களின் கையையும் ஆளுமானால் ஆயுதபூசை அறமாகும். ஆளாதபோது அது இரும்புக்குச் செய்த ஒப்பனையே.